அருவாமனைக்கு முன்னாடி உக்காந்து திசு படிக்கலாம்

(மீன்பிடித் தடைக்காலத்துல, ராமேஸ்வரத்துக்கு முன்னாடி இருக்குற மண்டபம்ங்கிற ஊருக்குப் பக்கத்துல, எங்க ஊரு மன்றத்துல பேசினது. தம்பி ஒருத்தன் ஃபோன்ல பதிஞ்சு வச்சிருந்தான், அதக் கேட்டு எழுதிருக்கேன். பேசின மாதிரியே விட்டுட்டேன், திருத்தல.)

எல்லாருக்கும் வணக்கம். அக்காமாருக்கு, அண்ணன்மாருக்கு, முன்னாடி தரையில உக்காந்து சலசலன்னு பேசிட்டிருக்குற பொடிசுகளுக்கு, எல்லாருக்கும். மைக்கு கரகரங்குது, பொறுத்துக்கங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு விசைப்படகு பூரா கட்டிக் கெடக்கு, அதனாலதான் இம்புட்டு கூட்டம், இல்லன்னா நான் பேசுறத யாரு வந்து கேக்கப் போறா.

நோட்டீஸ்ல திசுன்னு போட்டுட்டாக. வாசல்லயே ஒரு அக்கா கேட்டாக, என்ன சார், கல்யாண வீட்டுல கை தொடைக்கக் குடுப்பாகளே அந்த டிஷ்யூவான்னு. நல்ல கேள்விதான் அது. ஏன்னா ரெண்டுக்கும் ஒரே வார்த்தை, பிரெஞ்சுல நெஞ்சதுன்னு அர்த்தம், துணி நெய்யிறோம்ல அந்த நெசவு. நமக்கு துணிய விட வலை சுளுவா புரியும். நண்டு வலையும் நூலுதான், சூடை வலையும் நூலுதான், ஆனா கண்ணு அளவு வேற, முடிச்சு வேற, நூலோட தடிமனும் வேற, அதனால மாட்டுறதும் வேற. செல்லு நூலு மாதிரி, திசு வலை மாதிரி. ஒரு வேலைக்குன்னு ஒரு மாதிரி சேந்து நிக்கிற செல்லுக் கூட்டம், அம்புட்டுதான்.

இந்த வார்த்தைய உடம்புக்கு கொண்டாந்து பெரிசா ஆக்குனவரு பிஷான்னு ஒரு பிரெஞ்சு டாக்டரு. 1802ல செத்துப் போனாரு, அப்ப வயசு முப்பதுதான். மனுச உடம்புல 21 வகை திசு இருக்குன்னு பிரிச்சாரு, இதுல கூத்து என்னன்னா அவரு மைக்ராஸ்கோப்ப நம்பவே மாட்டாரு, தொடல. பெறகு எப்படி பிரிச்சாருன்னு கேளுங்க. அவிச்சுப் பாத்தாரு. காயப்போட்டுப் பாத்தாரு. தண்ணியில ஊறப்போட்டு அழுக விட்டுப் பாத்தாரு. எது சீக்கிரம் கரையுது, எது சுருங்குது, எது எதுக்கும் அசையாம நிக்குதுன்னு பாத்து இது வேற அது வேறன்னு எழுதினாரு. ஏக்கா, இதத்தான நீங்க தெனமும் செய்யிறீக? குழம்பு, கருவாடு, வித்துப் போகாம நாறிப்போன மீனு, மூணும் உங்களுக்குத் தெரியும்ல. (கூட்டத்துல சிரிப்பு)

பின்னாடி மைக்ராஸ்கோப்பு நல்லா வந்ததும் அந்த 21ஐ சுருக்கி நாலு பெரிய வகையா வச்சுக்கிட்டாக. ஒன்பதாம் வகுப்பு புக்குல நாலு கட்டம் போட்டு எபிதீலியம், இணைப்பு, தசை, நரம்புன்னு இருக்கும், நானும் 26 வருசம் அதத்தான் போர்டுல எழுதிப் போட்டேன், பிள்ளைகளும் மனப்பாடம் பண்ணி மார்க்கு வாங்கிட்டு மறந்துருச்சு. இப்ப ரிட்டயர்டு ஆனப்பெறகு எனக்குத் தோணுது, ஒரே ஒரு கேள்விய வச்சு சொல்லிக் குடுத்திருக்கலாம். ஒரு செல்லுக்கும் பக்கத்துச் செல்லுக்கும் நடுவுல என்ன இருக்கு? அத மட்டும் கேளுங்க.

எபிதீலியத்துல நடுவுல ஒண்ணுமே இல்ல. தோளோடு தோள் ஒட்டி நிக்கும், ராமேஸ்வரத்துல அமாவாசைக்கு நிக்கிற கூட்டம் மாதிரி. உடம்போட வெளிப்பக்கம், உள்பக்க ஓரம், குழா, பை, எங்கெல்லாம் எல்லை இருக்கோ அங்கெல்லாம் இதுதான் காவல். மீன கையில எடுத்தா வழவழங்குதுல்ல, அந்தக் கொழகொழப்ப சுரக்குறது இந்த எபிதீலியச் செல்லுக தான். நெறய பேருக்கு செதிலுதான் மீனுக்கு வெளிப்பக்கம்னு நெனப்பு. இல்ல, செதிலு முளைச்சு நிக்கிறது உள் தோல்ல, அதுக்கு மேலயும் மெல்லிசா உசுருள்ள செல்லுப் படலம் ஒண்ணு மூடிருக்கும். நம்ம தோலுல மேல இருக்குறது செத்த செல்லு, மீனுக்கு மேல வரைக்கும் உசுரு. அதனாலதான் குஞ்சு மீன திரும்ப கடல்ல விடணும்னா காஞ்ச துணியால புடிக்காதீக, கைய நனைச்சுட்டுப் புடிங்கன்னு சொல்றது.

செவுள விரிச்சுப் பாருங்க, ஏன் அம்புட்டு செவப்பு? அங்க எபிதீலியம் ரொம்ப ரொம்ப மெல்லிசு, ரத்தமே வெளிய தெரியுது, அந்த மெல்லிசு வழியாத்தான் தண்ணியில இருக்குற ஆக்சிஜன் உள்ள போகணும். குடலுக்குள்ள தூணு மாதிரி உசரமான செல்லு, உறிஞ்சுறதுக்கும் சுரக்குறதுக்கும். நமக்கு குடலு உள்பக்கம் மூணுல இருந்து அஞ்சு நாளைக்குள்ள புதுசா மாறிடும், தேய்மானம் அப்படி. ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், எபிதீலியத்துக்குள்ள ரத்தக்குழா கெடையாது, கீழ இருக்குற திசுல இருந்து கசிஞ்சு வர்ற சாப்பாடுதான்.

முத்து தெரியும்ல? மன்னார் வளைகுடா முத்துன்னு பெரும பேசுறோமே, அது எபிதீலியம் செஞ்சது. சிப்பிக்குள்ள ஓட்ட ஒட்டி ஒரு மடிப்புத் தோலு இருக்கும், ஓட்டுக்கு உள்பக்கம் பளபளன்னு பூசுறது அதோட வெளி எபிதீலியம். 1973ல தூத்துக்குடியில நம்ம மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்காரவுக வளர்ப்பு முத்து எடுத்தாக, 1947ல தொடங்குன அந்த நிலையத்துக்கு ரொம்ப வருசம் தலைமையிடம் இந்தா நம்ம மண்டபத்துலதான் இருந்துச்சு. முறை என்னன்னா ஒரு சிப்பியோட அந்தத் தோல துண்டா நறுக்கி ஒரு மணியோட சேத்து இன்னொரு சிப்பிக்குள்ள வச்சிடுறது. துண்டுல இருக்குற எபிதீலியம் மணியச் சுத்தி பை மாதிரி வளந்து தன் வேலைய ஆரம்பிச்சிரும். எங்க கொண்டு வச்சாலும் அதுக்குத் தெரிஞ்ச வேல பூசுறது.

இப்ப என் கைய பாருங்க. இந்த ஆள்காட்டி விரலு நுனி மட்டும் மடங்காது, இந்தா, மத்ததெல்லாம் மடங்குது, இது கம்பு மாதிரி நிக்கும். பதினோரு வயசுல அம்மா கூட உக்காந்து திருக்கை வெட்டுறேன்னு அருவாமனையில விட்டுட்டேன். ஒரு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு ஓடுனாக, அங்க தோல மட்டும் நாலு தையல் போட்டு அனுப்பிட்டாக, உள்ள தசைநாண், தசைய எலும்போட கட்டுற நாரு, அது அறுந்ததப் பாக்கல. பத்து நாள்ல தோலு சேந்துருச்சு. எபிதீலியம் அப்படி, ஓரத்துல இருந்து செல்லு நகந்து வந்து மூடிரும். தசைநாணு அப்படி இல்ல, அறுந்த ரெண்டு முனையும் விலகிப் போயிரும், தானா சேராது, ரத்த ஓட்டமும் கம்மி. அது இணைப்புத் திசு.

இணைப்புத் திசுல கேள்விய கேளுங்க, செல்லுக்கு நடுவுல என்ன? எல்லாமே நடுவுலதான்! செல்லு அங்கொண்ணு இங்கொண்ணு தீவு மாதிரி கெடக்கும், நம்ம குருசடைத் தீவு மணலித் தீவு மாதிரி, சுத்தி இருக்குற கடலுதான் முக்கியம். அந்தக் கடலு சுண்ணாம்பு ஏறி கெட்டியா இருந்தா எலும்பு. ரப்பர் மாதிரி இருந்தா குருத்தெலும்பு. சுறாவுக்கும் திருக்கைக்கும் எலும்பே கெடையாது, பூரா குருத்தெலும்பு, சுறாப்புட்டுல முள்ளு குத்தாம சாப்புடுறோமே அதுக்கு காரணம் அதான். நாரா முறுக்கி நின்னா தசைநாண். கொழுப்பும் இதுலதான் வருது. தண்ணியாவே இருந்தா ரத்தம். ரத்தமும் இணைப்புத் திசுன்னு சொன்னா பிள்ளைக ஒத்துக்காது, ஓடுறது எப்படி சார் திசுன்னு கேக்கும். கேள்வி அதேதான், செவப்பணு வெள்ளணு எல்லாம் தனித்தனியா மெதக்குது, நடுவுல பிளாஸ்மாங்கிற தண்ணி. மீன் ரத்தத்துல செவப்பணுவுக்கு உட்கரு இருக்கும், நமக்கு இருக்காது.

இந்த நாருக்குப் பேரு கொலாஜன். கூறல் கத்தாழை மாட்டுனா ஏலத்துல ஏன் அடிச்சுக்குறாக? மீனுக்கு இல்ல, வயித்துல இருக்குற நெட்டிக்கு. அந்தக் காத்துப்பையோட சுவரு கொலாஜன் நாரு. நேத்து வச்ச திருக்கை குழம்பு காலையில கட்டிக்கிட்டு நிக்குதுல்ல, கரண்டிய விட்டா ஆடுது, அதுவும் அவிஞ்ச கொலாஜன். பிஷா பாரீஸ்ல அவிச்சுப் பாத்தது இதைத்தான்.

கடல் அட்டையப் பத்தி சொல்லாம போனா நான் இந்த ஊருக்காரனே இல்ல. 2001ல இருந்து புடிக்கத் தடை, தெரியும், புடிக்கச் சொல்லல, காலு பட்டிருக்கும்ல? தொட்டதும் கட்டையாகிரும். கொஞ்ச நேரம் கழிச்சு மாவு மாதிரி தொளதொளன்னு ஆகி பாறை இடுக்குல வழிஞ்சு போயிரும். அது தசை முறுக்குறது இல்லய்யா! தோலுல இருக்குற கொலாஜன் நாருக ஒண்ணோட ஒண்ணு புடிச்சுக்கிறத, நரம்பு சொல்லச் சொல்ல, இறுக்கவும் தளத்தவும் அதால முடியும். நம்ம தசைநாணுக்கு மட்டும் அந்த வித்தை இருந்திருந்தா என் விரலு இப்படி நிக்காது. இல்ல, அப்பயும் நிக்கும், அறுந்தது அறுந்ததுதான்.

தசைக்கு வருவோம். விளமீன அவிச்சா இதழ் இதழா கழண்டு வருதுல்ல, ஆட்டுக்கறி அப்படி வராது. மீன் தசை வளைஞ்சு வளைஞ்சு அடுக்கடுக்கா இருக்கு, அடுக்குக்கு நடுவுல மெல்லிசா கொலாஜன் தாளு. மீன் கொலாஜன் கொஞ்ச சூட்டுலயே உருகிரும், தாளு போனதும் அடுக்கு பிரிஞ்சிரும். ஆட்டுக்கு அது முறுகிப்போன கொலாஜன், குக்கர்ல விசில் விடணும். விளமீனு சதை வெள்ளை, பட்டுன்னு ஒரு பாய்ச்சல் பாஞ்சுட்டு ஓய்வு எடுக்குற தசை. சூரைக்கு ஓரத்துல கருஞ்செவப்பு பட்டை இருக்கே, அது ராவும் பகலும் நீந்துறதுக்கு, ஆக்சிஜன புடிச்சு வைக்கிற மயோகுளோபின் அதுல அதிகம். இது ரெண்டும் நாம நெனச்சா அசையுற வரித்தசை. குடல்ல இருக்குறது நம்மள கேக்காது, அது பாட்டுக்கு மெல்ல பிசையும், மென்தசை. இதயத்தசைல வரி உண்டு, ஆனா சொல் பேச்சு கேக்காது, ஒரு செல்லு இழுத்தா பக்கத்துச் செல்லும் சேந்து இழுக்கும், ஏலேலோ போட்டு கரைவலை இழுக்குறாப்ல.

கடைசி, நரம்பு. இங்க செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல நூலளவு கூட இல்லாத இடைவெளி, அந்த இடைவெளிய தாண்டி ரசாயனம் போய் சேதி சொல்லும். தாங்கிப் புடிக்கிற துணைச் செல்லுகளும் உண்டு. இத உலகத்துக்கு புரிய வச்சதுல பெரிய பங்கு யாருக்குன்னா ஊசிக் கணவாய் இனத்துக்கு. அதோட மேலங்கிக்கு, உடம்ப மூடிருக்குற அந்தக் குழா மாதிரி சதைக்கு, போற நரம்பிழை ஒண்ணு அரை மில்லிமீட்டர், பெரிசுல ஒரு மில்லிமீட்டர் கூட தடிமன் இருக்கும், நம்ம நரம்பிழை பெரும்பாலும் அதுல நூத்துல ஒரு பங்கு தேறாது. 1939ல ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லின்னு ரெண்டு இங்கிலீஷ்காரவுக அதுக்குள்ள கம்பியவே விட்டு மின்சாரத்த அளந்தாக, 1963ல நோபல் பரிசு. நம்ம நரம்புக்கு மேல மயலின்னு கொழுப்பு உறை இருக்கு, அதனால ஒல்லியா இருந்தும் வேகமா சேதி போகும். கணவாய்க்கு உறை இல்ல, வேகம் வேணும்னா தடிச்சுத்தான் ஆகணும்.

(இந்த இடத்துல ஏழாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு எந்திரிச்சு, சார் செத்த கணவாய் ஐஸுல கெடக்கும்போதும் தோலு மினுக்குதே அது எப்படின்னு கேட்டுச்சு.)

சபாஷ்மா. அந்தப் புள்ளி ஒவ்வொண்ணும் ஒரு சாயப் பை. சுத்திலும் குட்டிக் குட்டி தசை கட்டிருக்கும், தசை இழுத்தா பை விரியும், நெறம் தெரியும், விட்டா சுருங்கிரும். இழுக்கச் சொல்றது நரம்பு. கணவாய் செத்துருச்சுன்னு நாம சொல்றோம், ஆனா அந்தத் தசையும் நரம்பு முனையும் இன்னும் கொஞ்ச நேரம் உசுரோட கெடக்கு, கட்டள போட ஆளில்லாம தானா இழுத்து இழுத்து விடுது. புது மீனுக்கு உப்பு போட்டா சதை துடிக்குமே, அம்மா பயந்து கைய எடுத்துருவாக, அதுவும் இந்தக் கதைதான், உப்புல இருக்குற சோடியம் போய் செல்ல உசுப்பி விட்டுருது. ஐஸு உருகி செல்லுல இருக்குற சத்து தீந்ததும் மினுக்குறது நிக்கும். ஏலக்காரவுக நின்னுருச்சுன்னா பழசும்பாக, சரியாத்தான் சொல்றாக. அடுத்து யாருக்கும்மா கேள்வி? மைக்க அங்க குடுங்க.