உனக்கு இன்னிக்குக் காது இல்ல புள்ள

வணக்கங்க எல்லாருக்கும். நீலகிரி மலையில பந்தலூர்ல இருந்து பேசுறேன். பின்னாடி கேக்குறது மழைங்க, தகர ஷீட்டு மேல விழுற சத்தம். ரெண்டு தடவை ரெக்கார்டு பண்ணி அழிச்சிட்டேன். இந்தத் தடவை எப்படி வருதோ அப்படியே போட்டுடப் போறேன்.

வழக்கமா நான் முதியோர் பென்ஷன், சாதிச் சான்று, இந்த மாதிரி விஷயம்தான் பேசுவேன். இன்னிக்கு அதை எல்லாம் எழுதிக் குடுக்குற நம்மளப் பத்தி. சமூகப் பணியாளர்கள், அங்கன்வாடி டீச்சருங்க, மக்களைத் தேடி மருத்துவத்துல வீடு வீடா ஏறி இறங்குற அக்காங்க, குழந்தைகள் பாதுகாப்புல வேலை பார்க்குறவங்க. மனசு தேய்ஞ்சு போறதப் பத்தி.

போன வருஷம் நடந்தது. எந்த எஸ்டேட், எந்த டிவிஷன்னு சொல்ல மாட்டேன். அந்தப் பாட்டிக்கு எழுபத்தஞ்சு வயசுக்கு மேல. தோட்டத் தொழிலாளிங்களத் திருப்பி அனுப்புறதுக்கு இலங்கையும் இந்தியாவும் 1964-ல போட்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம், கண்டிச் சீமையில, அதாவது இலங்கையில இருந்து கப்பலேறி வந்தவங்க. எங்க வீட்டுப் பெரியவங்களும் அப்படி வந்தவங்கதான், அதனால எஸ்டேட்டுல தொழிலாளிங்களுக்குக் குடுக்குற அந்த லைன் வீட்டுக்குள்ள போனாலே எனக்குச் சொந்த வீடு மாதிரி இருக்கும். முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்த கை. ரிட்டயர்டு ஆகியாச்சு, வேலை பார்க்குறவங்க வீட்டுல யாரும் இல்ல, அப்போ வீட்டைக் காலி பண்ணுன்னு சொல்லிட்டாங்க. எங்க போறதுன்னு கேட்டு அழறாங்க.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? மூஞ்சிய இரக்கமா வெச்சுக்கிட்டேன். தலையாட்டினேன். ‘புரியுது பாட்டி, புரியுது பாட்டி’ன்னேன். உள்ள ஒண்ணுமே இல்ல. மூணே முக்கால் பஸ் போயிடுச்சுன்னா அஞ்சு மணிக்கு மேல யானை ரோட்டுக்கு வந்துடும், இன்னும் ரெண்டு வீடு பாக்கி, ராத்திரி ரிப்போர்ட் ஏத்தணும். இதுதான் ஓடுது.

பாட்டி அழறத நிறுத்திட்டாங்க. முந்தானையால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு, கொஞ்சம் கூட கோபமே இல்லாம சொன்னாங்க: “நீ போயிட்டு இன்னொரு நாளைக்கு வா. உனக்கு இன்னிக்குக் காது இல்ல புள்ள.”

பஸ்ஸுல உக்காந்து அத நினைச்சு நினைச்சு வந்தேன். வேலையில எனக்கு நல்ல பேரு. எப்பவும் சிரிச்ச முகம், கோபப்பட மாட்டா, பொறுமைசாலி. அதத்தான் உணர்வு சார்ந்த அறிவுன்னு நானும் நம்பிட்டு இருந்தேன். எமோஷனல் இன்டெலிஜன்ஸ்னு எல்லா டிரெயினிங்குலயும் சொல்றாங்களே, அது. அந்தப் பேர்ல 1990-ல கட்டுரை எழுதுன உளவியலாளருங்க பீட்டர் சலோவே, ஜான் மேயர் ரெண்டு பேரும் அத நிதானமாத்தான் சொல்லியிருக்காங்க: அடுத்தவங்க உணர்ச்சியையும் தன்னோட உணர்ச்சியையும் கவனிக்கணும், பிரிச்சுப் பார்க்கணும், அத வெச்சு யோசிக்கணும், நடந்துக்கணும். தன்னோடதும் அதுல இருக்குங்க! நான் அந்தப் பாதிய விட்டுட்டேன். பாட்டி ஒரு டிரெயினிங்குக்கும் போகல, என் மூஞ்சியப் பார்த்த உடனே கண்டுபிடிச்சிட்டாங்க.

ஆர்லி ஹோக்சைல்டுன்னு ஒரு சமூகவியலாளர், விமானப் பணிப்பெண்கள வெச்சு ஆராய்ச்சி பண்ணி 1983-ல எழுதுனாங்க. சம்பளத்துக்காக முகத்துல ஒரு உணர்ச்சிய வரவழைக்கிறதும் ஒரு உழைப்புதான்னு சொன்னாங்க. உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு வெச்சுக்கிட்டே நாள் பூரா நடிச்சா மனுஷன் தன்னையே தொலைச்சிடுவான்னு காட்டுனாங்க. கூடையச் சுமந்தா தோள் வலிக்குது, உடனே தெரியுது. சிரிப்பச் சுமந்தா எங்க வலிக்கும்? எனக்கு ராத்திரி தூக்கத்துல வலிச்சது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா வயித்தப் பிசையும். வீட்டுல சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிஞ்சு விழுவேன். ஜனங்ககிட்ட காட்டாத கோபம் முழுக்க எங்க அம்மாகிட்ட போச்சு. அதுக்கு எனக்கு இன்னும் வருத்தம் இருக்கு.

இப்படி வேலையில மனசு தேய்ஞ்சு போறதத்தான் இங்கிலீஷ்ல ‘பர்ன் அவுட்’னு சொல்றாங்க. அந்த வார்த்தைய இந்த அர்த்தத்துல 1974-ல எழுதுனவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர்னு ஒரு உளவியலாளர். நியூயார்க்குல ஒரு இலவச கிளினிக்குல ராத்திரி வேலை பார்த்தவர், கூட இருந்த தொண்டர்களையும் தன்னையும் பார்த்து எழுதுனாரு. அதாவது இந்த வார்த்தை நம்ம மாதிரி ஆளுங்ககிட்ட இருந்துதான் வந்திருக்கு. அப்புறம் கிறிஸ்டினா மாஸ்லாக்னு இன்னொரு உளவியலாளர் அதுல மூணு விஷயம் பிரிச்சாங்க. மனசு வத்திப் போறது. நம்மகிட்ட வர்றவங்கள மனுஷங்களா பார்க்காம போறது. ‘நான் என்னத்தக் கிழிச்சேன்’ங்கிற நெனப்பு. இந்த நடுவுல இருக்குறதத்தான் நான் சொல்ல வந்தேன். டயர்டா இருந்தா நமக்கே தெரியும், ஒரு நாள் லீவு போடுவோம். ஆனா ஒரு அம்மாவ ‘அந்தக் குடிகாரன் கேஸ்’னு நோட்டுல எழுத ஆரம்பிச்சது நமக்குத் தெரியாது. என் நோட்டப் புரட்டிப் பார்த்தேன். மூணு மாசத்துப் பக்கத்துல ஒரு பேரு கூட இல்ல, எல்லாமே வீட்டு நம்பர்.

இதை நான் வேலை பார்த்த இடத்துல சொன்னப்போ, ‘நீ எமோஷனலா ஸ்ட்ராங்கா இருக்கணும்மா’ன்னாங்க. ஒரு நாள் ஒர்க்‌ஷாப் வெச்சாங்க, பலூன் ஊதுனோம், கண்ண மூடி உக்காந்தோம். அடுத்த நாள் அதே இருபத்திரெண்டு விசிட்டு. இதுல எனக்கு உண்மையாவே கோபம் இருக்குங்க. உலக சுகாதார நிறுவனம் 2019-ல பர்ன் அவுட்ட வேலையோட சம்பந்தப்பட்ட நிலைன்னுதான் வகைப்படுத்துச்சு, நோய்னு சொல்லல. வேலையிடத்து அழுத்தம் சரியா கையாளப்படாம நாள்பட்டு வர்றதுன்னு எழுதியிருக்கு. அப்போ சரி பண்ண வேண்டியது வேலையத்தானே? உணர்வ அடக்கத் தெரியலன்னு பணியாளர் தலையில அதக் கட்டுனா, உணர்வு சார்ந்த அறிவுங்கிற அந்த நல்ல வார்த்தையே சாட்டையா மாறிடுது.

எனக்கு உதவுனது ரொம்பச் சின்ன விஷயம். யார் கேட்டாலும் ‘டென்ஷன்’னு ஒரே வார்த்தை சொல்லிட்டு இருந்தேன். அத விட்டேன். நம்ம பாஷையில எத்தனை இருக்கு பாருங்க. அலுப்பு உடம்புக்கு. சலிப்பு மனசுக்கு. எரிச்சல் வேற, வெறுப்பு வேற. பாட்டி வீட்டுல எனக்கு இருந்தது ஆற்றாமை. அவங்க வீட்டக் காப்பாத்த என் கையில அதிகாரம் இல்ல, அதத் தாங்கவும் முடியல, அதனாலதான் காத மூடிக்கிட்டேன். ஆற்றுறதுன்னா செய்யுறது, ஆறுதல் குடுக்குறது, டீக்கடையில ரெண்டு கிளாஸுல ஆத்துறதும் அதே வார்த்தைதான். செய்யவும் முடியாம சூடு தணியவும் வழியில்லாம நிக்குறதுதான் ஆற்றாமை. அந்தப் பேரு கெடைச்ச அன்னிக்குத்தான் நான் அழுதேன்.

அதுக்கப்புறம் கூட வேலை பார்க்குற அக்காவும் நானும் ஒண்ணு வெச்சுக்கிட்டோம். கனமான வீட்டுக்குத் தனியாப் போறதில்ல. முடிச்சு வந்ததும் பஸ் ஸ்டாப்புல ஒரு கட்டஞ்சாயா, அங்கேயே ஒருத்தருக்கொருத்தர் பேசிடுறது, வீட்டுக்குக் கொண்டு போறதில்ல. மாசத்துக்கு ஒரு தடவ டார்கெட் பேசாத மீட்டிங் வேணும்னு கேட்டோம், கெடச்சது. விசிட்டக் கொறைங்கன்னு கேட்டோம், பாதிதான் கெடச்சது. மீதிய இன்னும் கேட்டுட்டுத்தான் இருக்கோம்.

ஒரு விஷயம் மட்டும் தனியாச் சொல்லிடுறேன். தூக்கமே வராம, எதுலயும் பிடிப்பு இல்லாம, செத்துடலாமான்னு நெனப்பு வந்தா, அத வேலைக் களைப்புன்னு தள்ளிடாதீங்க. 14416, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், இருபத்திநாலு மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

பாட்டி வீட்டுக்குத் திரும்பப் போனேங்க. அன்னிக்கு வேற விசிட்டே வெச்சுக்கல. வாசல்ல நின்னு, ‘பாட்டி, இன்னிக்குக் காது கொண்டு வந்திருக்கேன்’னேன். சிரிக்கவே இல்ல அவங்க. மணையப் போட்டு உக்காருன்னுட்டு, கப்பல்ல வந்த கதையில இருந்து ஆரம்பிச்சாங்க.

வீடு விஷயம் இன்னும் முடியல, மனு குடுத்திருக்கோம். உங்க ஊர்ல இந்த மனசு தேயுறதுக்கு என்ன வார்த்தை சொல்லுவாங்க, எந்த வீட்டுல உங்க காது போச்சு, எழுதுங்க. நான் எல்லாத்தையும் படிப்பேன். மழை விட்டுடுச்சு, போயிட்டு வரேன்.