சிற்றில் சிதைக்கும் பருவம்

(எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் தெருவில் தையல்காரம்மா என்று கேட்டால்தான் என் வீட்டைக் காட்டுவார்கள். முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைக்கிறேன். என் மகளுக்கு இப்போது இரண்டு வயது மூன்று மாதம். அந்த மெஷினுக்குப் பக்கத்தில் விரித்த பாயில்தான் அவள் வளர்ந்தாள். நான் சொல்லப்போவதெல்லாம் அந்தப் பாயில் பார்த்தது.

பத்து மாதம் இருக்கும். நான் வெட்டிப்போட்ட நூல் ஒன்று தரையில் கிடந்தது. அதுவரை எதைக் கண்டாலும் உள்ளங்கையை விரித்து அள்ளுவாள். அன்று கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் கிட்டே வந்தன. நூல் தரையோடு ஒட்டிக் கிடந்ததால் மூன்று தடவை நழுவியது. நான்காம் தடவை பிடித்துவிட்டாள். வாயில் போட்டுக்கொள்வாள் என்று பதறி எழுந்தேன். போடவில்லை. தவழ்ந்து வந்து என் முழங்கால் மேல் அந்த நூலை வைத்தாள். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

ஊசியில் நூல் கோப்பதை நான் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை செய்கிறேன். அதற்கு எந்த இரண்டு விரல்கள் வேண்டுமோ அவை அன்றைக்குத்தான் அவளுக்குச் சேர்ந்தன. கொக்கி, பட்டன், குண்டூசி எல்லாம் அன்று மாலையே அலமாரியின் மேல் தட்டுக்குப் போய்விட்டன. ஆனால் என் மனதில் நின்றது விரல் மட்டும் இல்லை. எடுத்ததைக் கொண்டுவந்து கொடுத்தாளே, அது. இன்னொரு குழந்தை அதை உதறி எறிந்து விளையாடியிருக்கும். இவள் கொடுக்கிறவள். இன்றைக்கும் துணி வெட்டும்போது கீழே விழுகிற துண்டுகளைப் பொறுக்கி என் மடியில் சேர்க்கிறாள். கை பழகும்போதே குணமும் கூடவே வெளியே வந்துவிடுகிறது. நாம்தான் கையை மட்டும் கணக்கில் வைக்கிறோம்.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. "இன்னும் நடக்கலையா?" என்ற கேள்வியைக் கேட்காத தாய் இங்கே யாராவது இருக்கிறீர்களா? பக்கத்து வீட்டுப் பையன் பத்து மாதத்தில் நடந்தான். என் மகள் பதினான்கு முடிந்துதான் எழுந்து நடந்தாள். அந்த நான்கு மாதமும் நான் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் ஒரு கணக்கு வெளியிட்டது. தனியாக நடப்பது 8.2 மாதத்திலும் வரலாம், 17.6 மாதத்திலும் வரலாம், இரண்டும் சரிதான் என்கிறது அது. நூற்றுக்கு நான்கு குழந்தைகள் மண்டியிட்டுத் தவழவே இல்லையாம். அந்த மேல் எல்லையும் தாண்டினால் கிராம சுகாதார செவிலியரிடமோ டாக்டரிடமோ தாமதிக்காமல் காட்டுங்கள். அதுவரை பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம்.

அடுத்து அந்தக் கண்ணாடி விஷயம். அளவு பார்க்க வருகிறவர்களுக்காக முன்னறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று வைத்திருக்கிறேன். அதில் தெரிகிற குழந்தைக்கு அவள் பிஸ்கட் ஊட்டுவாள், முத்தம் கொடுப்பாள், பின்னால் எட்டிப் பார்ப்பாள். திருஷ்டிப் பொட்டு எப்போதும் இடது கன்னத்தில்தான் வைப்போம். ஒன்றரை வயது கடந்த பிறகு ஒரு நாள், தூங்கிக்கொண்டிருந்தவளுக்கு என் மாமியார் கன்னத்தை விட்டுவிட்டு மோவாயில் பெரிதாக வைத்துவிட்டார். எழுந்து வந்து கண்ணாடி முன் நின்றாள். கண்ணாடியைத் தொடவில்லை. கை நேராகத் தன் மோவாய்க்குப் போனது. விரலில் ஒட்டிய மையைப் பார்த்தாள். மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள்.

இதையே ஒரு சோதனையாகச் செய்திருக்கிறார்கள். பியூலா ஆம்ஸ்டர்டாம் என்ற ஆய்வாளர் சின்னக் குழந்தைகளின் மூக்கில் சிவப்பு மை தடவி, கண்ணாடி முன் விட்டு, 1972இல் அதைப் பற்றி எழுதினார். ஒன்றரையிலிருந்து இரண்டு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளின் கை தங்கள் முகத்துக்கே போகிறது. கண்ணாடியில் இருப்பது தான்தான் என்று அப்போது தெரிந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் அந்தச் சோதனையை ஒரு பாட்டி தெரியாமலே செய்து முடித்தார்.

தான் யார் என்று தெரிந்த பிள்ளை அதற்கப்புறம் சும்மா இருக்குமா? "பாப்பாக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் "எனக்கு" என்றாள். அதன் பின்னாலேயே "வேணாம்" வந்தது. இரண்டு வயது ஆகும்போது "நானே" வந்தது. செருப்பு, நானே. சட்டை, நானே. தண்ணீர் ஊற்றுவது, நானே.

போன மாதம் ஒரு நாள் வாழைப்பழத்தை உரித்து, பாதியாக ஒடித்துக் கொடுத்தேன். அவளுக்கு ழ இன்னும் வரவில்லை, பழத்தைப் பயம் என்பாள். "பயம் ஒடஞ்சு போச்சு" என்று தரையில் விழுந்து அழுதாள். கால் மணி நேரம். தைக்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர், "பொம்பளப் புள்ளைக்கு இவ்ளோ அடம் ஆகாது" என்றார். நான் பதில் சொல்லவில்லை. இரண்டு துண்டையும் தட்டில் வைத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுகை தணிந்ததும் எழுந்தாள். இரண்டு துண்டையும் ஒன்றோடொன்று வைத்து அழுத்தி, ஒட்டுகிறதா என்று பார்த்தாள். திருப்பி வைத்துப் பார்த்தாள். ஒட்டாது என்று அவளுக்கே தெரிந்த பிறகு, ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டு மற்றதைத் தின்றாள்.

அந்தக் கால் மணி நேரத்தில் அவள் எவ்வளவு வேலை செய்திருக்கிறாள் பாருங்கள். கோபத்தை அடக்குகிற மூளைப் பகுதி இருபது வயது தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு வயதுக் குழந்தையிடம் அதை இன்றே கேட்கிறோம்.

நம் பழைய புலவர்கள் இதில் நம்மைவிடப் பொறுமைசாலிகள். பிள்ளைத்தமிழில் மூன்றாம் மாதத்துக் காப்பு தொடங்கி இருபத்தொன்றாம் மாதத்துச் சிறுதேர் வரை பத்துப் பருவம் வைத்தார்கள். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றித் தலையைத் தூக்கி ஆடினால் அது செங்கீரை. கை கொட்டினால் சப்பாணி. அப்புறம் பதினேழாம் மாதத்துக்குச் சிற்றில் என்று ஒன்று வைத்தார்கள். சிறுமிகள் கட்டிய மணல் வீட்டைக் காலால் அழிக்கிற பருவம் அது. "எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே" என்று அவர்கள் கெஞ்சுவார்கள். குறும்பைக் குற்றமாக எழுதாமல், வளர்ச்சியில் ஒரு படியாக எழுதினார்கள். அதற்காக அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் அந்தப் பருவம் ஆண்பால் பிள்ளைத்தமிழில் மட்டும்தான். பெண்பாலில் முதல் ஏழு பருவம் பொது, கடைசி மூன்றுக்கு வேறு விளையாட்டு. அம்மானை உண்டு, ஊசல் உண்டு. சிதைப்பது இல்லை. என் வீட்டில் நூல்கண்டுகளை அடுக்கி அவளே கோபுரம் கட்டுகிறாள், அவளே உதைத்துத் தள்ளுகிறாள். அந்தப் பருவம் அவளுக்கும் வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பிற்பாடு யாராவது ஏதாவது வற்புறுத்தும்போது வேண்டாம் என்று சொல்ல வேண்டியவள் அவள்தானே. அந்தச் சொல்லை இரண்டு வயதில் அடித்து அடக்கிவிட்டு, இருபது வயதில் ஏன் பேசவில்லை என்று கேட்க முடியாது.

இவ்வளவு அடம் பிடிக்கிறவள் வெளியிடத்தில் வேறு ஆள். போன கல்யாணத்தில் அரை மணி நேரம் என் முந்தானைக்குள் இருந்தாள். "கூச்ச சுபாவம், நாலு பேரோட விடு" என்றார்கள். அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மருத்துவத் தம்பதி நியூயார்க்கில் 1956இல் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கைக்குழந்தையிலிருந்தே தொடர்ந்து பார்த்தார்கள். புது இடத்தில் மெல்லப் பழகுவதும் பிறவியிலேயே அமைகிற ஓர் இயல்பு என்று அவர்கள் வகைப்படுத்தினார்கள். பிள்ளையின் இயல்பும் வீட்டாரின் எதிர்பார்ப்பும் ஒத்துப்போக வேண்டும் என்பதைத்தான் அழுத்திச் சொன்னார்கள். நான் அவளைத் தள்ளிவிடவில்லை. முந்தானைக்குள்ளிருந்து அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தி முடிகிற நேரத்தில் தானாக இறங்கிப் போய், ஓர் அழுத குழந்தைக்குத் தன் கையிலிருந்த அப்பளத்தைக் கொடுத்தாள்.

இன்றைக்கு இங்கே கிளம்பும்போதும் செருப்பு, நானேதான். நான் கையைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். வலது செருப்பை இடது காலில் மாட்டினாள், வார் சுருண்டது, கழற்றினாள், மறுபடி மாட்டினாள். வர வேண்டிய பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் வந்தோம். அதோ, மூன்றாவது வரிசையில் அவள் தாத்தா மடியில் உட்கார்ந்திருக்கிறாள். செருப்பு இன்னும் கால் மாறித்தான் இருக்கிறது.