எலிசபெத் அந்தக் கடிதத்தை மறுபடியும் பிரித்தபோது

வணக்கம். இன்று என் கையில் இருப்பது ஜேன் ஆஸ்டின் எழுதிய ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவல், தமிழில் சொன்னால் ‘கர்வமும் முன்முடிவும்’. அட்டை கழன்றுவிட்டது, மன்னியுங்கள். மூன்றாவது முறையாகப் படித்து முடித்திருக்கிறேன். பள்ளி நாளில் இதைச் சுருக்கிய பதிப்பாகத்தான் முதலில் படித்தேன். டார்சி திமிர் பிடித்த பணக்காரன், எலிசபெத் கெட்டிக்காரப் பெண், கடைசியில் திமிர் அடங்கித் திருமணம் நடக்கிறது என்பதே அப்போது மனத்தில் நின்ற கதை. முழு நூலையும் நிதானமாகப் படித்த பிறகு, இதில் கர்வம் யாருடையது என்ற கேள்விக்கு நான் சொல்லும் விடையே மாறிவிட்டது.

மெரிட்டன் என்ற சிற்றூரில் நடக்கும் நடனக் கூட்டத்திலிருந்து தொடங்குவோம். ஆண்கள் குறைவாக வந்திருப்பதால் எலிசபெத் இரண்டு ஆட்டங்களுக்குத் துணையில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். சற்றுத் தள்ளி நிற்கும் டார்சியை அவனுடைய நண்பன் பிங்லி ஆட வரும்படி வற்புறுத்தி, அவளைக் காட்டுகிறான். டார்சி திரும்பி அவளைப் பார்க்கிறான். சுமாராக இருக்கிறாள், ஆனால் தன் மனத்தை இழுக்கும் அளவுக்கு அழகில்லை என்று அவள் காதில் விழும்படியே சொல்லிவிடுகிறான். இதற்கு அடுத்து ஆஸ்டின் எழுதும் ஒரு வரியைப் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். எலிசபெத் அழவில்லை, கோபப்படவும் இல்லை. நடந்ததைத் தன் தோழிகளிடம் வேடிக்கைக் கதையாக உற்சாகத்தோடு சொல்லிச் சிரிக்கிறாள். பட்ட காயத்தைத் தானே முந்திக்கொண்டு நகைச்சுவையாக மாற்றிவிடுபவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சிரித்துவிட்டதால் அது ஆறிவிட்டது என்று அவர்களும் நம்புவார்கள், நாமும் நம்புவோம்.

ஐந்தாம் அத்தியாயத்தில் அந்தக் காயம் வெளியே வந்துவிடுகிறது. அவன் தன்னுடையதைப் புண்படுத்தாமல் இருந்திருந்தால், அவனுடையதைத் தான் எளிதில் மன்னித்திருக்க முடியும் என்கிறாள் எலிசபெத். எதைப் புண்படுத்தினான் என்பதில்தான் தமிழில் சிக்கல் வருகிறது. ஆங்கிலத்தில் அவனுக்கும் அவளுக்கும் சேர்த்து ‘பிரைட்’ என்ற ஒரே சொல்தான். நம்மிடம் செருக்கு, இறுமாப்பு, கர்வம், தன்மானம், பெருமிதம் என்று வரிசையாக இருக்கின்றன. திருக்குறளின் 431ஆம் குறளே செருக்கு இல்லாதவர்களின் வளர்ச்சியைத்தான் பெருமிதம் உடையது என்று பிரித்து வைக்கிறது. ஆகவே இந்த வரியை மொழிபெயர்க்க உட்காரும் எவருக்கும் அவனுக்குச் ‘செருக்கு’ என்றும் அவளுக்குத் ‘தன்மானம்’ என்றும் எழுதத்தான் கை போகும். அப்படி எழுதிய கணமே நாமும் எலிசபெத்தின் கட்சியில் சேர்ந்துவிடுகிறோம், ஏனென்றால் அவளும் மனத்துக்குள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள்.

ஆஸ்டின் இந்த நாவலை 1796 அக்டோபரில் தொடங்கி 1797 ஆகஸ்டில் முடித்தபோது, அதற்கு ‘ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ்’ என்றுதான் பெயர் வைத்திருந்தார். தொடங்கியபோது அவருக்கும் எலிசபெத்தைப் போலவே 20 வயது. அவருடைய தந்தை 1797 நவம்பரில் லண்டன் பதிப்பாளர் ஒருவருக்குக் கடிதம் எழுதிக் கேட்க, கைப்பிரதியைப் பார்க்காமலேயே வேண்டாம் என்று பதில் வந்தது. பிறகு அதே தலைப்பில் வேறொருவரின் நாவல் வெளிவந்துவிட்டது. ஆஸ்டின் நூலைத் திருத்தி, பெயரை மாற்றி, 110 பவுண்டுக்கு உரிமையை விற்க, 1813 ஜனவரி 28 அன்று மூன்று தொகுதிகளாக, 18 ஷில்லிங் விலையில், ஆசிரியர் பெயர் அச்சிடப்படாமல் அது வெளிவந்தது. முதல் பார்வையில் பிறக்கும் எண்ணம் தவறாகிப் போவது பழைய தலைப்பில் தெரிகிறது; அந்த எண்ணத்தை நாம் ஏன் கைவிட மறுக்கிறோம் என்பது புதிய தலைப்பில்தான் இருக்கிறது.

விக்கம் என்ற அழகான ராணுவ அதிகாரி பழகத் தொடங்கிய உடனேயே, டார்சி தனக்குச் செய்த அநியாயத்தை எலிசபெத்திடம் கொட்டுகிறான். அவள் ஒரு வார்த்தைகூடச் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் அவள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த தீர்ப்புக்கு அவன் சாட்சியாக வந்து சேர்ந்திருக்கிறான்.

பெண் கேட்கும் காட்சிகளில் பணத்தை மறந்துவிடக் கூடாது. பென்னட் குடும்பத்தின் நிலம் ஆண்டுக்கு 2,000 பவுண்டு தருகிறது, ஆனால் அது ஆண் வாரிசுக்கே போகும் என்று கட்டிவைக்கப்பட்ட சொத்து. ஐந்தும் பெண்களாகப் பிறந்துவிட்டதால் தந்தைக்குப் பிறகு எல்லாம் உறவினரான பாதிரியார் காலின்ஸுக்குப் போய்விடும். அந்தக் காலின்ஸ் எலிசபெத்தைப் பெண் கேட்கும்போதே, தாயின் காலத்துக்குப் பிறகு அவளுக்கு நான்கு சதவீத வட்டியில் 1,000 பவுண்டு மட்டுமே தேறும் என்று கணக்குச் சொல்கிறான். அதாவது ஆண்டுக்கு 40 பவுண்டு. அவள் மறுத்ததையும், பெண்கள் முதலில் மறுப்பது வழக்கம்தானே என்று அவன் தள்ளிவிடுகிறான். எலிசபெத்தின் தோழி ஷார்லட்டுக்கு 27 வயது. அவனுக்கு உடனே சம்மதம் சொல்லிவிடுகிறாள். முதல் முறை படித்தபோது எனக்கு அவள்மீது இளக்காரம் இருந்தது, இப்போது இல்லை.

ஆண்டுக்கு 10,000 பவுண்டு வருமானம் உள்ள டார்சி, காலின்ஸும் ஷார்லட்டும் குடியிருக்கும் ஹன்ஸ்ஃபர்டில், அதே எலிசபெத்தின் முன் வந்து நிற்கிறான். அவளுடைய குடும்பம் தன் தகுதிக்கு எவ்வளவு தாழ்ந்தது, அதை மீறித் தன் மனம் எப்படிப் போராடித் தோற்றது என்பதையெல்லாம் அவளிடமே விரிவாகச் சொல்கிறான். பதில் என்ன வருமோ என்று அஞ்சுவதாக வாய் சொல்கிறதாம், ஆனால் முகத்தில் துளிக் கவலையும் இல்லையாம். காலின்ஸை நினைத்துச் சிரித்த நமக்கு இங்கே திடுக்கென்று இருக்கிறது, ஏனென்றால் பெண் மறுக்க மாட்டாள் என்ற உறுதியில் இந்த இரண்டு ஆண்களுக்கும் வேறுபாடே இல்லை. நீங்கள் இன்னும் கண்ணியமாக நடந்துகொண்டிருந்தால், என்று அவள் அன்று சொன்ன வாக்கியம் தன்னை எவ்வளவு வதைத்தது என்று பல மாதங்கள் கழித்து அவளிடமே சொல்லும் அளவுக்கு அவன் அதைச் சுமந்து திரிகிறான்.

மறுநாள் காலை அவன் ஒரு கடிதத்தை நேரில் கொண்டுவந்து கொடுக்கிறான். திருமணம் நிச்சயமாகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்வது அந்தக் காலத்து வழக்கத்துக்கு ஒவ்வாதது என்பதால்தான் அது தபாலில் வரவில்லை. இரண்டு முழுத்தாள்கள், மேலுறை உட்பட, நெருக்கமான எழுத்தில் நிரம்பியிருக்கின்றன. எலிசபெத் வேகவேகமாகப் படிக்கிறாள், எல்லாம் பொய் என்று முடிவு கட்டுகிறாள், இனி இதைத் தொடுவதே இல்லை என்று மடித்து வைக்கிறாள். அரை நிமிடத்தில் கடிதம் மறுபடியும் பிரிந்துவிடுகிறது. விக்கம் பற்றிய பகுதியை இம்முறை ஒவ்வொரு வாக்கியமாக எடைபோட்டுப் படிக்கிறாள். முன்பின் தெரியாத தன்னிடம் அவன் ஏன் குடும்ப விஷயத்தைச் சொன்னான்? டார்சிக்குப் பயந்து ஒதுங்க மாட்டேன் என்றவன் பிங்லியின் நெதர்ஃபீல்ட் வீட்டு நடனத்துக்கு ஏன் வரவில்லை? அதுவரை அவளிடம் மட்டும் சொன்னதை, பிங்லி குடும்பத்தார் ஊரைவிட்டுப் போனதும் ஊர் முழுக்க ஏன் சொல்லித் திரிந்தான்? இவற்றில் எதுவுமே அவளுக்குப் புதிய செய்தி இல்லை. எல்லாம் அவள் கண்ணெதிரில் நடந்தவை.

இரண்டு மணி நேரம் அந்தப் பாதையிலேயே அலைகிறாள். ஒருவன் தன்னை விரும்பியதில் மகிழ்ந்ததும், இன்னொருவன் தன்னைப் பொருட்படுத்தாததில் புண்பட்டதும்தான் தன் கண்ணைக் கட்டிவிட்டன என்கிறாள். தன்னைக் கெடுத்தது காதல் இல்லை, வீண்பெருமை என்றும் ஒப்புக்கொள்கிறாள். கர்வம் என்பது நம்மைப் பற்றி நாம் நினைப்பது, வீண்பெருமை என்பது பிறர் நம்மைப் பற்றி என்ன நினைக்க வேண்டும் என்று நாம் விரும்புவது என்று, முன்பே தங்கை மேரி புத்தகம் ஒப்பிப்பதுபோல் சொல்லியிருந்தாள். மேரி வாயைத் திறந்தாலே சிரிப்பதற்கு நாம் பழகியிருப்பதால், நானும் இரண்டு முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

காதல் எப்போது தொடங்கியது என்று பிறகு அக்கா ஜேன் கேட்கும்போது, டார்சியின் மாளிகையான பெம்பர்லியின் அழகான தோட்டங்களை முதலில் பார்த்த நாளிலிருந்து என்கிறாள் எலிசபெத். 1816இல் வெளிவந்த ஒரு மதிப்புரையில் வால்டர் ஸ்காட், இவள் அந்த மாளிகையைப் பார்த்த பிறகுதான் தன் முட்டாள்தனத்தை உணர்ந்தாள் என்கிற மாதிரி எழுதினார். அவ்வளவு பெரிய எழுத்தாளருக்கு ஒரு நையாண்டி பிடிபடவில்லையே என்று எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் விளையாடாமல் பதில் சொல் என்று ஜேன் அவளைக் கேட்டுக்கொள்வதும் அதே இடத்திலேயே இருக்கிறது. பெம்பர்லியில் எலிசபெத்தை நிறுத்துவது தோட்டம் இல்லை. டார்சியை நான்கு வயதிலிருந்து அறிந்த வீட்டு மேற்பார்வையாளர் அம்மாள், அவன் தன்னிடம் ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை என்று சொல்லக் கேட்டபடி மாடிக்குப் போகிறாள். அங்கே அவனுடைய ஓவியம் மாட்டியிருக்கிறது. அதன் முன் சில நிமிடங்கள் நிற்கிறாள், நகர்கிறாள், கூடத்தைவிட்டு வெளியேறும் முன் திரும்பி வந்து இன்னொரு முறை பார்க்கிறாள்.