1858 மதுரையில் மனிதர்கள் எங்கே? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மேலூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். சென்ற உரையில், சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் எடுத்த மதுரைப் படங்களைக் காட்டினேன் அல்லவா, அவற்றைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: “ஐயா, 1858இல் மதுரை பெரிய ஊர். கோயிலைச் சுற்றி எந்நேரமும் ஆள் நடமாட்டம் இருந்திருக்கும். நீங்கள் காட்டியவற்றில் கோபுரம் இருக்கிறது, மண்டபம் இருக்கிறது, வைகை இருக்கிறது. ஆட்களைத்தான் காணோம். அதற்கு முந்தைய ஆண்டுதான் வடக்கே பெரும் கலகம். டிரைப்போ கம்பெனிப் படையில் கேப்டன். மக்களை விரட்டிவிட்டுப் படம் எடுத்தார்களா? அல்லது மக்களே பயந்து வீட்டுக்குள் இருந்துவிட்டார்களா?”

அம்மா, உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆண்டைப் பார்த்து, எடுத்தவர் யார் என்று பார்த்து, இரண்டையும் சேர்த்து யோசித்திருக்கிறீர்கள். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. பழைய நேயர்களுக்கு அது மனப்பாடம் ஆகியிருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். மிகப் பழைய படம் ஒன்று கைக்கு வந்தால் முதலில் கேளுங்கள்: லென்ஸ் எவ்வளவு நேரம் திறந்திருந்தது?

டிரைப்பின் கேமராவில், இன்று இருப்பதுபோல் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்து மூடும் ஷட்டர் கிடையாது. லென்ஸுக்கு ஒரு மூடி உண்டு. அதைக் கையால் கழற்ற வேண்டும், காத்திருக்க வேண்டும், பிறகு கையாலேயே மூட வேண்டும். மதுரையில் அவர் பெரிதும் நம்பியது காகித நெகட்டிவ்களை, அதாவது வெளிச்சமும் நிழலும் தலைகீழாகப் பதியும் மூலப்படங்களை. நல்ல காகிதத்தில் மெழுகை உருக்கித் தேய்த்து, ஒளி ஊடுருவும்படி ஆக்கி, ஒளி பட்டால் மாறும் வெள்ளி உப்பை ஏற்றுவார்கள். 1851இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்டுபிடித்த கண்ணாடித் தகட்டு முறை அதைவிட வேகமானது, தெளிவானது. ஆனால் அந்தத் தகட்டைப் பூசிய ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவியாக வேண்டும். நம் ஊர் வெயிலில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும்? மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயாரித்து மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். அதற்குக் கொடுக்கும் விலைதான் நேரம். ஒரு படத்துக்குச் சில நிமிடங்கள் லென்ஸ் திறந்தே இருக்கும்.

அந்தச் சில நிமிடங்களில் ஒருவர் கேமராவின் முன்னால் நடந்து போனால் காகிதத்தில் அவர் தடம்கூட இருக்காது. நின்று பேசிவிட்டுப் போனால் புகைபோல் ஒரு மங்கல் தெரியும். தூண் மட்டும் அசையாமல் நிற்கிறது; அதனால் தூண் பதிகிறது. ஆற்று நீர் வழவழப்பாகத் தெரிவதும், காற்றில் ஆடிய மரக்கிளை மங்கிப்போவதும் இதனால்தான்.

மதுரையில் மட்டும் நடந்தது அல்ல இது. 1838இல் புகைப்படக் கலையின் முன்னோடி டாகேர் பாரிஸ் நகரத்தில் புல்வார் து தாம்ப்ல் என்ற தெருவை மாடியிலிருந்து படமெடுத்தார். வண்டியும் குதிரையும் ஓயாத தெரு. படத்தில் தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒரு மூலையில் மட்டும் ஒருவர் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்கிறார். அந்தத் தெருவில் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நின்றவர் அவர்தான், ஆகவே அவர் பதிந்தார். அவர் காலடியில் பாலிஷ் போட்டவரும் கொஞ்சம் மங்கலாகப் பதிந்திருக்கிறார். பாரிஸ் மக்கள் யாருக்கும் பயந்து வீட்டுக்குள் இருக்கவில்லை. லென்ஸ் திறந்திருந்த நேரம் அது.

இதைச் சொல்லும்போது தேவகோட்டையில் ஒரு வீட்டில் பார்த்த படம் நினைவுக்கு வருகிறது. ஸ்டூடியோவில் எடுத்த குடும்பப் படம். கறுத்துப்போன தேக்குச் சட்டம். ஓரங்களில் வெள்ளி ஏறி நீலமாக மின்னுகிறது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள் நிற்கிறார். பூதக்கண்ணாடி வைத்துக் கீழே பார்த்தேன். புடவைக் கரைக்கும் தரைக்கும் நடுவில், குதிகாலுக்குப் பின்னால், வளைந்த இரும்புக் கால்கள் இரண்டு எட்டிப் பார்க்கின்றன. நாற்காலியின் கால் என்றே அந்த வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அது கழுத்துத் தாங்கி. தலை அசையாமல் இருக்க, பிடரியில் கவ்வும்படி பின்னால் ஒரு இரும்புத் தண்டை நிறுத்துவார்கள். அந்தக் காலத்து முகங்களின் விறைப்பில் பாதி அந்த இரும்பு கொடுத்தது.

அதே படத்தில் உட்கார்ந்திருப்பவர் மடியில் ஒரு குழந்தை. முகம் இருக்கும் இடத்தில் வெறும் வெண்புகை. அந்த வீட்டு ஆச்சி சொன்னார்: “அந்தப் பிள்ளை நிலைக்கவில்லை. அதனால்தான் முகம் விழவில்லை.” படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்ற நம்பிக்கை அவர் தலைமுறை வரை உயிரோடு இருந்திருக்கிறது. ‘இல்லை ஆச்சி, குழந்தை தலையைத் திருப்பியிருக்கும், அவ்வளவுதான்’ என்றேன். சற்று நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், “அப்படியானால் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள்” என்றார். எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துப்போயிற்று. படத்தில் பதியாத ஓர் ஆளை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

நேரத்தைப் போலவே இன்னொன்றையும் கவனியுங்கள். அன்றைய வெள்ளி உப்புக்கு நீல ஒளிதான் நன்றாகத் தெரியும். சிவப்பும் மஞ்சளும் ஏறக்குறைய தெரியவே தெரியாது. சிவப்புப் புடவை கறுப்பாக விழும், குங்குமம் கரிப்பொட்டு ஆகும். ‘எங்கள் பாட்டிக்குப் பாட்டி ஏன் கறுப்புப் புடவை கட்டியிருக்கிறார்’ என்று முன்பு ஒருவர் கேட்டார். அவர் அரக்குச் சிவப்பு கட்டியிருக்கலாம். வானத்துக்கு நேர் எதிரான நிலைமை. தரை பதிவதற்குள் நீலவானம் அளவுக்கு மீறிப் பதிந்து வெள்ளைத் தாளாகிவிடும். டிரைப் அந்த வெறுமையைப் பொறுக்கமாட்டார். நெகட்டிவின் மேல் தூரிகையால் வண்ணம் தீட்டி மேகங்களை வரைந்து சேர்த்தார். சென்ற உரையில் நீங்கள் ரசித்த மேகங்களில் சில அவர் கைவேலை. ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 1858 மதுரையின் பருவநிலைக்கு அதைச் சாட்சியாகக் கூப்பிடாதீர்கள்.

சகோதரி, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று. இனி, நீங்கள் கேட்டிருக்கலாமே என்று நான் ஏங்கும் கேள்விக்கு வருகிறேன். நடக்கும் மனிதனைப் பதியத் தெரியாத ஒரு கருவியை, மாட்டுவண்டிகளில் ஏற்றி, சம்பளம் கொடுத்து ஓர் ஆளையும் கூடவே அனுப்பிச் சென்னை அரசாங்கம் எதற்காகச் செலவழித்தது?

கல் அசையாது என்பதற்காகத்தான். பழைய கட்டடங்களை ஓவியர்களை வைத்து வரையச் செலவும் அதிகம், பிழையும் அதிகம். கேமரா எழுத்துப் பிசகாமல் எடுக்கும் என்று நம்பினார்கள். 1857 டிசம்பரில் கிளம்பிய டிரைப், ராயக்கோட்டை, சேலம், திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை என்று வந்து, தஞ்சாவூரில் செய்த வேலை இருக்கிறதே, அவருடைய படங்கள் எல்லாவற்றிலும் எனக்கு மேலானது அதுதான். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே பட்டையாக ஆக்கினார்.

அதன் சிரமத்தை யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கேமராவை அதே தூரத்தில், அதே உயரத்தில் நகர்த்தி வைக்க வேண்டும். கல்லில் வெட்டிய எழுத்துக்கு வெயில் சாய்ந்து விழுந்தால்தான் பள்ளத்தில் நிழல் நிற்கும். நேராக விழுந்தால் எழுத்து கல்லோடு கல்லாகிவிடும். பெரிதுபடுத்தும் வசதியும் இல்லை. நெகட்டிவ் எவ்வளவோ, படமும் அவ்வளவே. நெகட்டிவை உப்பேற்றிய தாளோடு சேர்த்துச் சட்டத்தில் இறுக்கி, மாடியில் அப்பளம் காயப்போடுவதுபோல் வெயிலில் வைத்துத்தான் ஒவ்வொரு பிரதியும் எடுக்க வேண்டும்.

அந்த எழுத்துகளை முறையாகப் படித்து அச்சில் கொண்டுவரும் வேலை பின்னால்தான் நடந்தது. கல்வெட்டு அறிஞர் ஹுல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி 1891 முதல்தான் வெளிவரத் தொடங்கியது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே படம் இருக்கிறது! அந்தத் தொகுதியின் முதல் கல்வெட்டில் ராஜராஜன் சொல்வது உங்களுக்குத் தெரிந்ததுதான்: தான் எடுப்பித்த கற்றளிக்கு, அதாவது கற்கோயிலுக்கு, “நாங்குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்” கல்லிலே வெட்டுக என்கிறான். ஆட்களைக் காணோம் என்றீர்களே அம்மா. அக்கன் குந்தவை, தேவியர், அதிகாரிகள் என்று கொடுத்தவர்கள் எல்லோரும் பெயர் சொல்லி அந்தக் கல்லில் இருக்கிறார்கள். கல் அசையாத வரையில் எவ்வளவு நேரம் திறந்த லென்ஸும் அவர்களை இழக்காது.

இந்த வேலை தொடர்ந்திருக்க வேண்டும். தொடரவில்லை. 1859இல் சென்னைக் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெலியன், கஜானா இருக்கும் நிலைமையில் இது பெரிய ஆடம்பரம் என்று நிறுத்திவிட்டார். 1860இல் டிரைப்பின் அலுவலகம் மூடப்பட்டது. எனக்கு இதில் இன்றும் ஆற்றாமைதான். டிரைப்பின் பிரதிகளைப் பார்க்க வேண்டுமானால் இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்று போக வேண்டியிருக்கிறது. நல்லவேளையாகப் பலவற்றை இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். நமக்குப் பக்கத்தில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், 1956 முதல் எடுத்த கோயில் படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. களவுபோன சிலைகள் திரும்பி வருவதற்கு அந்தப் படங்கள் சாட்சி சொல்லியிருக்கின்றன. அதைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும்.

வீட்டில் பழைய ஸ்டூடியோ படம் வைத்திருப்பவர்கள், நிற்பவரின் குதிகாலுக்குப் பின்னால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். இரும்புக் கால் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். படத்தைச் சட்டத்திலிருந்து கழற்ற வேண்டாம், கண்ணாடியில் ஒட்டியிருந்தால் உரிந்துவிடும். அடுத்த வாரம் தஞ்சைப் பட்டையை இடது கோடியிலிருந்து தொடங்கி, இரண்டாம் தொகுதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படிக்கப்போகிறோம். தொகுதி கையில் இருப்பவர்கள் முதல் கல்வெட்டை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்.