பூனையை இறக்கிவிடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நாவலில் ரோமானி, அதாவது ஐரோப்பாவில் ஜிப்சி என்று அழைக்கப்பட்ட இனத்தைச் சேர்ந்த, வைத்தியக்காரி ஒருத்தி வந்தால் போதும், அவள் முன்னால் ஒரு பளிங்கு உருண்டையையும் மடியில் ஒரு கறுப்புப் பூனையையும் வைத்துவிடுகிறோம். உருண்டை இருந்துவிட்டுப் போகட்டும். பூனையை இறக்கிவிடுங்கள்.

ஏன் என்கிறீர்களா? இங்கிலாந்து ரோமானிகளின் பழைய வழக்கத்தில் பூனை அசுத்தம். தன் உடம்பைத் தானே நக்குகிற பிராணி. வெளியழுக்கு உள்ளே போய்விடுகிறது என்பது அவர்கள் கணக்கு. முள்ளெலி முதுகை நக்க முடியாது, அதனால் சுத்தம். அதைச் சுட்டுச் சாப்பிடவும் செய்தார்கள். கேட்க வேடிக்கைதான். ஆனால் உள், வெளி என்ற இந்தக் கோடு பிடிபடாதவருக்கு அவர்களுடைய வைத்தியமும் பிடிபடாது.

அந்தக் கோடு கழுவுகிற இடத்தில் துல்லியமாகத் தெரியும். பாத்திரத்துக்கு ஒரு பேசின், துணிக்கு வேறு பேசின். கால்டெராஷ் போன்ற பிரிவுகளில் இடுப்புக்கு மேலே ஒரு சோப்பும் துண்டும், கீழே வேறு சோப்பும் துண்டும். துணி அலசுகிற பேசினில் தெரியாமல் டீக்கோப்பையை முக்கிவிட்டால், எத்தனை தேய்த்தாலும் சரிவராது, கோப்பை குப்பைக்குத்தான். நாம் தீட்டு என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான் அவர்களுடைய 'மரிமே'. எல்லாக் குடும்பமும் இன்று இதே கண்டிப்போடு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது மருத்துவமனைக் காட்சி எழுதுகிறீர்கள். நர்ஸ் ஒரே தண்ணீரில், ஒரே துணியால் ஒரு ரோமானிக் கிழவியின் காலையும் துடைத்து முகத்தையும் துடைக்கிறாள். கிழவி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அடம் என்று எழுதினால் தப்பு. இரண்டாவது பேசின் வந்தால் திரும்புவாள். அதனால் சொல்கிறேன்: மூலிகைக்கு முன்னால் பேசினை எழுதுங்கள்.

மூலிகையும் உண்டு. மருந்துக்கு ரோமானி மொழியில் 'டிராப்' என்பார்கள். சம்ஸ்கிருத திரவியத்திலிருந்து வந்த சொல். நம் பேச்சிலும் திரவியம் இருக்கிறதல்லவா, அதே வேர். தண்ணீர் 'பானி'. எண்களில் ஏழு, எட்டு, ஒன்பது கிரேக்கத்திலிருந்து எடுத்தவை. இந்தியாவிலிருந்து போன வழியில் கிரேக்கம் பேசியவர்களோடு நெடுங்காலம் வாழ்ந்ததற்குச் சாட்சி. மருந்து கொடுப்பவளுக்கும் குறி சொல்பவளுக்கும் 'டிராபார்னி' என்று ஒரே பேர். நாவலில் இவளை இரண்டு பாத்திரமாகப் பிரித்துவிடாதீர்கள்.

எழுத்தே மருந்தாவது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், கடிகாரம் விடவில்லை. ஒருவரையாவது சொல்லிவிடுகிறேன். சாயா ஸ்டோய்கா, ஆஸ்திரியாவின் லொவாரா பிரிவு ரோமானிப் பெண், 1933இல் பிறந்தவர். சிறுமியாக ஆஷ்விட்ஸ், ராவன்ஸ்ப்ரூக், பெர்கன்-பெல்சன் என மூன்று நாஜி வதைமுகாம்களைக் கடந்து உயிரோடு வந்தார். பள்ளிப் படிப்பு அதிகமில்லை. பேசுகிற ஒலிப்படியே எழுத்துக்கூட்டி, சமையலறையில் உட்கார்ந்து அந்த நினைவுகளை எழுதினார். 1988இல் புத்தகம் வந்தது. பிறகு ஓவியமும் வரைந்தார். படங்களில் கையெழுத்தோடு ஒரு சின்ன மரக்கிளையும் இருக்கும். பெர்கன்-பெல்சனில் பசிக்கு அவர் தின்றது ஒரு மரத்தின் இலைகளை.

நேரம் முடிந்தது. நன்றி, வணக்கம்.