கந்தனிடம் சத்தியம் செய்தவர் மாலையில் தவறணைக்கு ஏன் போகிறார்?

காலையில் நல்லூரில் கற்பூரம் கொளுத்தி, "இனிக் குடியைத் தொடமாட்டேன்" என்று சத்தியம். மாலையில் கள்ளுத் தவறணை வாசலில் அதே மனிதரின் சைக்கிள் நிற்கிறது. கந்தனை ஏமாற்றினாரா? இல்லை, காலையில் சொன்னது உண்மைதான். விருப்பம் இருந்தது, "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை இருக்கவில்லை.

இதைத் தன்திறன் நம்பிக்கை என்பார்கள். 1977இல் அல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் விளக்கி எழுதினார். வரலாறு போதும், பனைக்கு வருவோம்.

(திரையில்: பனை, தளைநார்)

குடியை விடுவதற்குக் கள்ளுச் சீவுபவரை உதாரணம் காட்டுகிறானே என்று சிரிக்காதீர்கள். எங்கள் ஒழுங்கைக்கு வருகிற ஐயாவிடம் "இந்த மரத்தில் ஏறுவீர்களா?" என்று கேட்டால், என்னை ஏற இறங்கப் பார்ப்பார். "மழையில் நனைந்த மரம் என்றால்?" உடனே பதில் வராது. உள்ளங்கையால் மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார். ஆள் ஒருவர்தான், மரமும் ஒன்றுதான். நம்பிக்கை மட்டும் வேறு. அதுவும் யாரோ தட்டிக்கொடுத்து வந்ததல்ல. வடலியில் தொடங்கி, ஏறி ஏறி வந்தது.

அதனால் "குடியை விடுவீர்களா?" என்பது உதவாத கேள்வி. சம்பள நாளில்? வீட்டில் சண்டை பிடித்த இரவில்? கலியாண வீட்டுப் பின்வளவில் கூட்டாளி போத்தலைத் திறந்தால்? 0 முதல் 100 வரை எவ்வளவு நம்பிக்கை என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். சம்பள நாளுக்கு 90 சொன்னவர் பின்வளவுக்கு 20 சொல்வார். வேலை அந்த 20இல்தான் இருக்கிறது.

அடிமைத்தனத்தின் தீவிரத்தைக் கிளாஸ் எண்ணி மட்டும் அளப்பதில்லை. 1980இல் வந்த ஒரு நேர்காணல் முறை உடல்நலம், வேலை, மது, போதைப்பொருள், வழக்கு, குடும்பம், மனநிலை என்று 7 பக்கம் பார்க்கிறது. தீவிரம் கூடியவரிடம் பெரும்பாலும் நம்பிக்கை குறைவு. ஒரு தடவை சறுக்கினால் "எல்லாம் போய்விட்டது" என்ற நினைப்பு வரும். அடுத்த கிளாஸை ஊற்றுவது அந்த நினைப்புத்தான்.

என்னை அசத்தியது இது: அமெரிக்காவில் சிகிச்சை பெற்ற முன்னாள் படைவீரர்களிடம் செய்து 2005இல் வெளியான ஆய்வில், முழு நம்பிக்கை இருப்பதாகச் சொன்னவர்களே ஓராண்டுக்குப் பிறகு மற்றவர்களைவிட நன்றாகத் தாக்குப்பிடித்திருந்தார்கள். வாய்ச்சவடால் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்! அதற்காக வீட்டுக்காரரை "100 சொல்லு" என்று நெருக்காதீர்கள். நனைந்த மரத்தில் யாரையும் தள்ளி ஏற்ற முடியாது.

நாள்பட்ட குடியைத் திடீரென நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம். முதலில் வைத்தியரிடம் போங்கள்.

உங்களுக்கு 20 விழும் இடம் எது? கீழே எழுதுங்கள். பெயர் வேண்டாம், யாழ்ப்பாணம் சின்ன ஊர்.