மீதிப் பக்கத்தை மூடிவிட்டுப் படியுங்கள்

விமானிப் பயிற்சியில் இருப்பவர்கள் இங்கே நிறையப் பேர் அமர்ந்திருக்கிறீர்கள். விபத்து அறிக்கை கையில் கிடைத்ததும் முதலில் எதைத் தேடுகிறீர்கள்? 'காரணம்' என்ற பகுதியை. அதைப் பார்த்ததும் "இதைக்கூடக் கவனிக்கவில்லையா!" என்று மூடி வைத்துவிடுகிறீர்கள். அப்படிப் படித்தால் மனத்தில் ஒன்றும் ஒட்டாது.

1978 டிசம்பர் 28. அமெரிக்காவின் போர்ட்லாந்து. யுனைடெட் நிறுவனத்தின் 173ஆம் எண் பயணம், டிசி-8 விமானம், உள்ளே 189 பேர். சக்கரங்களை இறக்கும்போது பெரிய அதிர்வு. சக்கரம் இறங்கிப் பூட்டிவிட்டதைக் காட்டும் விளக்கு ஒன்று எரியவில்லை. கேப்டன் வானிலேயே சுற்றுகிறார். சக்கரம் மடங்கிவிட்டால் பயணிகள் கதி என்ன? பணிப்பெண்கள் அவர்களைத் தயார்ப்படுத்தி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார். பொறுப்பில்லாதவர் செய்கிற காரியமா இது?

மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பு, இன்னும் 15 நிமிடம் ஆகும் என்கிறார். அவ்வளவு நேரமென்றால் எரிபொருள் மிகவும் குறைந்துவிடும் என்கிறார் விமானப் பொறியாளர்.

இந்த வரியில் நில்லுங்கள். மீதிப் பக்கத்தை ஒரு தாளால் மூடுங்கள். அந்தப் பொறியாளர் நீங்களானால் அடுத்து என்ன சொல்வீர்கள், எந்தக் குரலில்? கேப்டன் நீங்களானால் அது காதில் ஏறுமா? பதிலை எழுதி வைத்த பிறகு தாளை விலக்குங்கள்.

6.15 மணிக்கு, எரிபொருள் தீர்ந்து, ஓடுபாதைக்குச் சில மைல் முன்னாலேயே விமானம் விழுந்தது. இறந்தவர்கள் பத்துப் பேர். அந்தப் பொறியாளரும் அவர்களில் ஒருவர். சக்கரங்களோ சரியாக இறங்கிப் பூட்டியே இருந்திருக்கின்றன.

கேப்டன் கவனிக்கவில்லை என்றதோடு அறிக்கை நிற்கவில்லை. விமானி அறையில் இருந்த மற்ற இருவரும், அதாவது துணை விமானியும் பொறியாளரும், ஆபத்தை முழுதாக உணரவில்லை, அல்லது அவர் மனத்தில் தைக்கும்படி சொல்லவில்லை என்றும் எழுதியது. விமானி அறையில் எப்படிப் பேசுவது, எப்படிக் கேட்பது என்று 1981இல் யுனைடெட் நிறுவனம் தொடங்கிய பயிற்சிக்கு வித்து இந்த வரிதான்.

போர்ட்லாந்து விபத்துக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1972இல், ஈஸ்டர்ன் 401 விமானத்திலும் சக்கர விளக்குதான் எரியவில்லை. எல்லோரும் அதையே பார்த்திருக்க, உயரம் குறைந்துகொண்டே போய் 101 உயிர்கள் பலியாயின. இதைப் 'பல்பு விபத்து' என்று மட்டும் நினைவில் வைத்தவருக்கு, எரிபொருள் தீரும் நாளில் அது கைகொடுக்காது. எல்லாக் கண்களும் ஒரே இடத்தில் நிலைத்த அந்த நிமிடங்களை நினைவில் வையுங்கள்.

அடுத்த வகுப்பில் போர்ட்லாந்து உரையாடலை வாய்விட்டுப் படிக்கப்போகிறோம். கேப்டனின் வரிகளை உங்களில் இளையவர் படிக்கட்டும். பொறியாளரின் வரிகளை நான் படிக்கிறேன்.